ஓய்வுபெறும்போது கையில் வரும் ஈ.பி.எஃப். பணம்: எங்கே வைத்தால் எவ்வளவு மிஞ்சும்?

ஓய்வுபெறும் மாதத்தில் கொழும்பில் பெரும்பாலான குடும்பங்களில் நடப்பது ஒன்றுதான். ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதியம்) பணம் வங்கிக் கணக்குக்கு வருகிறது. அடுத்த வாரமே முகாமையாளர் அழைத்து நிலையான வைப்பு ஒன்றைப் போட வைக்கிறார், அல்லது வெள்ளவத்தையில் ஒரு ஃபிளாட் நல்ல விலைக்கு வந்திருப்பதாக உறவினர் ஒருவர் சொல்கிறார். முப்பது வருட உழைப்பின் பணத்தை எங்கே வைப்பது என்பது சில நாட்களில் முடிவாகிவிடுகிறது. அப்போது எல்லோரும் கேட்கும் கேள்வி, எங்கே வட்டி கூட என்பது. வரி போய், விலைவாசியும் போய் என்ன மிஞ்சும் என்று கேட்பவர்கள் குறைவு. விடை ஆளுக்கு ஆள் மாறும். அதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் ஒரே ஒரு எண்: 18 இலட்சம்.

2025 ஏப்ரல் 1 முதல் ஒருவருக்கு ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபாய் வரையான வருமானத்துக்கு வரி இல்லை. மாதக் கணக்கில் 1 இலட்சத்து 50 ஆயிரம். அதற்கு மேல் முதல் 10 இலட்சத்துக்கு 6%, அடுத்த 5 இலட்சத்துக்கு 18%, அடுத்த 5 இலட்சத்துக்கு 24%, அதற்கடுத்த 5 இலட்சத்துக்கு 30%, மிகுதிக்கு 36%. சம்பளம், வாடகை, வைப்பு வட்டி எல்லாவற்றையும் கூட்டித்தான் இந்தப் படிகளில் ஏற்றுவார்கள். வட்டி எப்போதும் மற்ற வருமானத்தின் தலையில் போய் உட்காரும் என்பதை மனதில் வைத்தால் மீதிக் கணக்கு இலகுவாகும்.

முதலில், கையில் வரும் மூன்று தொகைகளையும் பிரித்துப் பார்க்க வேண்டும். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் வரும் ஈ.பி.எஃப்.பில் சம்பளத்தில் ஊழியர் 8%, முதலாளி 12%. ஈ.ரி.எஃப்.புக்கு (ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியம்) முதலாளி மட்டும் 3%. பணிக்கொடை, 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குறைந்தது ஐந்து வருடம் இருந்தவருக்கு, வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். வேலை முடிந்து 30 நாட்களுக்குள் கொடுத்தாக வேண்டும்.

இவற்றின் வரிக் கதை வேறு வேறு. ஈ.பி.எஃப்.புக்கு நீங்கள் கட்டும் 8% வரி கழிந்த பணம். உங்கள் சம்பள வரி, அந்த 8%ஐக் கழிக்காமல் முழுச் சம்பளத்தின் மேல்தான் கணக்கிடப்படுகிறது. முதலாளியின் 12% உங்கள் வருமானத்தில் சேராது. நிதியம் தன் முதலீட்டு வருமானத்துக்கு உள்ளேயே வரி கட்டிவிடுகிறது. உங்கள் கணக்கில் விழும் வட்டி அதற்குப் பிறகு மிஞ்சியது. எடுக்கும்போது அதிலிருந்து மீண்டும் வரி பிடிப்பதில்லை. பணிக்கொடை போன்ற இறுதிக் கொடுப்பனவுகளுக்குத் தனி அட்டவணை: முதல் 1 கோடி ரூபாய்க்கு வரி இல்லை, அடுத்த 1 கோடிக்கு 6%, அதற்கு மேல் 12%. ஆகவே பெரும்பாலானோருக்குப் பணிக்கொடையில் வரிப் பிரச்சினையே வராது. ஆனால் அதே காசோலையில் சேர்ந்து வரும் கடைசி மாதச் சம்பளமும் போனஸும் சாதாரணச் சம்பள வரிக்கு உட்பட்டவை. கணக்குப் பிரிவிடம் மூன்றையும் தனித்தனியாகக் காட்டச் சொல்லி எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நிதியத்திலேயே விட்டுவைத்தால்

ஆண்களுக்கு 55, பெண்களுக்கு 50 வயதானபின் வேலையிலிருந்து நீங்கினால் ஈ.பி.எஃப்.பை எடுக்க உரிமை உண்டு. எடுத்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இதைப் பலர் ஒரு தெரிவாகவே நினைப்பதில்லை.

நிதியம் 2020, 2021, 2022 ஆகிய மூன்று வருடமும் 9% கொடுத்தது. 2023க்கு 13%, 2024க்கு 11%. இந்த வட்டி உங்கள் வருடாந்த வருமானக் கணக்கில் ஏறுவதில்லை. இதன் பெறுமதி தெரிய ஓர் உதாரணம். ஓய்வுபெற்றபின் ஒருவர் ஆலோசகராக மாதம் 3 இலட்சத்து 50 ஆயிரம் பெறுகிறார். ஆண்டுக்கு 42 இலட்சம். 18 இலட்சத்தைக் கழித்தால் 24 இலட்சத்துக்கு வரி 3 இலட்சத்து 90 ஆயிரம். இவர் ஈ.பி.எஃப்.பில் இருந்த 1 கோடியை எடுத்து 8% வைப்பில் போட்டால் 8 இலட்சம் வட்டி வரும். அதில் முதல் 1 இலட்சம் 30% படியிலும் மிகுதி 7 இலட்சம் 36% படியிலும் விழும். வரி 2 இலட்சத்து 82 ஆயிரம். மிஞ்சுவது 5 இலட்சத்து 18 ஆயிரம், அதாவது 5.18%. நிதியமும் அதே 8% தான் கொடுக்கிறது என்று வைத்துக்கொண்டாலும் அங்கே முழு 8 இலட்சமும் கணக்கில் நிற்கும். இப்படியானவர் அவசரப்பட்டு எடுப்பது வீண் நட்டம்.

நிதியத்தின் குறைகளும் சிறியவை அல்ல. தேவைக்கு ஏற்ப மாதாமாதம் எடுக்க முடியாது. வட்டி வீதம் வருடம் முடிந்த பிறகே அறிவிக்கப்படும். சட்டம் உறுதி தருவது குறைந்தபட்சம் 2.5% மட்டுமே. பணத்தின் பெரும்பகுதி அரச பிணையங்களில் இருப்பதால் அரசின் கடன் சிக்கல் நேராக இங்கே வந்து இறங்கும். 2023 உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில் ஓய்வூதிய நிதியங்களிடம் இருந்த திறைசேரி முறிகளே (அரசின் நீண்டகாலக் கடன் பத்திரங்கள்) மாற்றப்பட்டன. தனிநபர்கள் தம் பெயரில் வைத்திருந்த முறிகளும் குறுகியகாலப் பத்திரங்களான உண்டியல்களும் தொடப்படவில்லை. மாற்றத்துக்கு இணங்காத நிதியங்களுக்கு முறி வருமானத்தின் மேல் 14%க்குப் பதில் 30% வரி என்றே சட்டம் வந்தது. அதோடு, 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8%ஐத் தொட்ட அதே வருடத்தில் நிதியம் கொடுத்தது 9%. அந்த ஆண்டு அரை ஆயுள் சேமிப்பின் பெறுமதி கண்ணுக்கு முன்னால் கரைந்தது. எனவே "அரசாங்கப் பணம், பயமில்லை" என்பது பாதி உண்மைதான்.

வங்கியின் நிலையான வைப்பு

வேறு வருமானம் இல்லாதவருக்கு நிலைமை தலைகீழ். ஈ.பி.எஃப்., ஈ.ரி.எஃப்., பணிக்கொடை எல்லாம் சேர்த்து 1 கோடி 50 இலட்சம் வந்தது என்று எடுத்துக்கொள்வோம். 8% வைப்பில் ஆண்டு வட்டி 12 இலட்சம். 18 இலட்சத்துக்குள் இருப்பதால் வருமான வரி ஒரு சதமும் இல்லை. ஆனாலும் வங்கி, ஒவ்வொரு வட்டிக் கொடுப்பனவிலும் 10% நிறுத்தி வைத்தல் வரியைப் பிடித்து உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்கு அனுப்பிவிடும். 2025 ஏப்ரலுக்கு முன் இது 5%. இந்த உதாரணத்தில் வருடத்துக்கு 1 இலட்சத்து 20 ஆயிரம், கட்டத் தேவையே இல்லாத வரி.

தடுக்கும் வழி சுய பிரகடனம். அந்த வரிமதிப்பாண்டில் உங்கள் மொத்த வருமானம் 18 இலட்சத்தைத் தாண்டாது என்று எழுதிக் கொடுத்தால் வங்கி பிடிக்காது. இங்கே தவறுவது நான்கு இடங்களில். ஒன்று, வரி செலுத்துநர் அடையாள இலக்கம், அதாவது ரின் இலக்கம், இல்லாமல் போவது. ஓய்வுபெறுவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். இரண்டு, ஒரு வங்கியில் கொடுத்துவிட்டு மற்ற வங்கியை மறப்பது. வைப்பு உள்ள ஒவ்வோர் இடத்திலும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். மூன்று, போன வருடம் கொடுத்தது இந்த வருடத்துக்கும் செல்லும் என்று நினைப்பது. வரிமதிப்பாண்டு ஏப்ரல் 1 தொடங்கி மார்ச் 31 முடியும், புதிய ஆண்டுக்குப் புதிய படிவம். நான்கு, 18 இலட்சத்தில் வாடகையையும் வேறு வங்கிகளின் வட்டியையும் சேர்க்காமல் கையெழுத்திடுவது. இது பொய்ப் பிரகடனமாகிவிடும். பின்னர் வரியோடு தண்டமும் வரும்.

ஏற்கெனவே பிடித்துவிட்டார்களா? வங்கியிடம் நிறுத்தி வைத்தல் வரிச் சான்றிதழை வாங்கி, ஆண்டு முடிந்தபின் நவம்பர் 30க்கு முன் வருமான வரி அறிக்கை சமர்ப்பித்து, மீளளிப்புக் கோர வேண்டும். சிறிய தொகை என்று பலர் விட்டுவிடுகிறார்கள். மேலே சொன்னவருக்கு அது ஒரு மாத வருமானத்துக்கும் மேல்.

அடுத்தது, வட்டியை எப்போது வாங்குவது. ஆலோசனை சொல்பவர்கள்கூட இதைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. தனிநபரின் முதலீட்டு வருமானம் கைக்கு வந்த ஆண்டின் வருமானமாகவே கொள்ளப்படும். 1 கோடியை 9% எளிய வட்டிக்கு ஐந்து வருட வைப்பில் போட்டு, வட்டி முழுவதையும் முதிர்வில் எடுப்பவருக்கு ஒரே ஆண்டில் 45 இலட்சம் வருமானம் விழும். 18 இலட்சம் போக 27 இலட்சத்துக்கு வரி 4 இலட்சத்து 92 ஆயிரம். அதே வைப்பின் வட்டியை மாதாமாதமோ வருடாவருடமோ எடுத்திருந்தால் ஆண்டுக்கு 9 இலட்சம். வேறு வருமானம் இல்லையென்றால் ஐந்து வருடமும் வரி பூச்சியம். பணமும் அதுதான், வட்டி வீதமும் அதுதான். விண்ணப்பப் படிவத்தில் போட்ட ஒரு புள்ளடிக்கு ஏறக்குறைய 5 இலட்சம் ரூபாய்.

இதே விதியை மறுபக்கம் பயன்படுத்தலாம். செப்டெம்பர் முடிவில் ஓய்வுபெறுபவர், மாதம் 3 இலட்சத்து 50 ஆயிரம் சம்பளத்தில், ஏப்ரல் முதல் ஆறு மாதத்துக்குள்ளேயே 21 இலட்சம் பெற்றுவிட்டார். அந்த ஆண்டில் வரும் ஒவ்வொரு ரூபா வட்டிக்கும் வரி உண்டு. அவர் முதல் வைப்பை 12 மாதத்துக்கு, வட்டி முதிர்வில் என்று போட்டால், வட்டி அடுத்த வரிமதிப்பாண்டில் விழும். அப்போது சம்பளம் இருக்காது. ஆனால் அந்த ஒரு வருடச் செலவுக்குப் பணிக்கொடையைச் சாதாரணச் சேமிப்புக் கணக்கில் ஒதுக்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் நடுவில் வைப்பை உடைத்து, வங்கி குறைத்துத் தரும் வட்டியை ஏற்க வேண்டிவரும்.

எவ்வளவு உயர்ந்த வட்டியானாலும் முழுத் தொகையையும் ஒரே நிதிக் கம்பனியில் போடாதீர்கள். வைப்புக் காப்புறுதி ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் 11 இலட்சம் ரூபாய்க்கு மட்டுமே. 2020 மே மாதம் த ஃபினான்ஸ் கம்பனியின் உரிமம் இரத்தானபோது அந்த எல்லை 6 இலட்சமாகவே இருந்தது. 1 கோடிக்கு 1.5% கூடுதல் வட்டி என்றால் வருடத்துக்கு 1 இலட்சத்து 50 ஆயிரம். அதற்காகக் காப்பில்லாமல் நிற்பது 89 இலட்சம்.

60 வயதைத் தாண்டியோருக்கு, 2025 ஜூலை முதல், 10 இலட்சம் வரையான ஒரு வருட வைப்புக்குச் சாதாரண வீதத்துக்கு மேல் 3% கூடுதலாகத் தரும் திட்டம் உண்டு. அதிகபட்ச இலாபம் வருடத்துக்கு 30 ஆயிரம். கணவன் மனைவி இருவரும் தகுதியானால் அவரவர் பெயரில் ஒவ்வொன்று கேளுங்கள். பொதுவாகவே, இருவரும் உழைத்த குடும்பத்தில் இருவரின் ஓய்வுப் பணத்தையும் "நிர்வகிக்க இலகு" என்று ஒருவர் பெயரில் குவிப்பது நல்லதல்ல. 18 இலட்ச நிவாரணம் ஆளுக்கு ஒன்று. மனைவியின் ஈ.பி.எஃப். மனைவி பெயரிலேயே இருக்கட்டும்.

திறைசேரி உண்டியலும் முறியும்

91, 182, 364 நாள் உண்டியல்களை முதனிலை வணிகர் (அரச பிணையங்களை விற்க அனுமதி பெற்ற நிறுவனம்) அல்லது வங்கி ஊடாக வாங்கலாம். வைப்பைப் போலவே 10% பிடிப்பார்கள், வருமானத்தில் சேரும். வரியில் பெரிய வித்தியாசம் இல்லை, வித்தியாசம் பாதுகாப்பில். 11 இலட்ச எல்லை இங்கே கிடையாது. வாங்கியதும் மத்திய வங்கியின் லங்காசெக்கியூர் முறைமையில் உங்கள் பெயரில் பதிவாகிறதா என்று கூற்றைப் பார்த்து உறுதிசெய்யுங்கள். இடைத்தரகரின் கடதாசி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு திருப்திப்படக் கூடாது. முறிகள் பல வருடங்களுக்கு வட்டியைக் கட்டிப்போட்டுக் கொடுக்கும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை. வட்டி வீதம் இறங்கும் காலத்தில் இது வைப்பைவிட மேல். ஆனால் நடுவில் விற்க நேர்ந்து, அப்போது சந்தை வீதம் ஏறியிருந்தால், போட்டதைவிடக் குறைவாகவே கிடைக்கும். ஆகவே ஐந்து வருடத்துக்குத் தொடத் தேவையில்லாத பணத்துக்கே முறி.

பலரின் பணத்தைச் சேர்த்து முதலிடும் அலகுப் பொறுப்பு நிதியங்களின் (யூனிட் டிரஸ்ட்) பணச்சந்தைப் பிரிவு, சில நாள் அறிவித்தலில் எடுக்கக்கூடிய அவசரப் பணத்துக்கு நல்ல இடம். வரி கழிந்த விளைவு என்னவென்று வாங்கும் முன்பே எழுத்தில் கேளுங்கள். விளம்பரத்தில் போடும் வீதம் பெரும்பாலும் வரிக்கு முந்தியது.

ஃபிளாட் வாங்கி வாடகைக்கு விடுதல்

காலி வீதியின் இருபுறமும் ஓய்வுப் பணம் அதிகம் போவது இதற்குத்தான். உணர்வும் புரிகிறது: கண்ணால் பார்க்கலாம், பிள்ளைகளுக்கு விட்டுப் போகலாம். ஆனால் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். 3 கோடி ரூபாய் ஃபிளாட் மாதம் 1 இலட்சம் வாடகை தருகிறது என்றால் ஆண்டுக்கு 12 இலட்சம், 4%. உறுதி எழுதும்போது முத்திரை வரி முதல் 1 இலட்சத்துக்கு 3%, மிகுதிக்கு 4%: 11 இலட்சத்து 99 ஆயிரம். முதல் வருட வாடகை முழுவதும் அங்கேயே முடிந்தது, சட்டத்தரணிக் கட்டணம் வேறு. அதன்பின் கட்டடப் பராமரிப்புக் கட்டணம், வாடகையாள் மாறும்போது வெறுமையாகக் கிடக்கும் மாதங்கள், தண்ணீர் மோட்டர், பெயின்ட்.

வரிப்பக்கம் ஒரு நல்ல செய்தி உண்டு: வாடகையில் 25% நிவாரணமாகக் கழியும். 12 இலட்சத்தில் 9 இலட்சமே கணக்கில் ஏறும். 12 இலட்சம் வைப்பு வட்டியும் இந்த 9 இலட்சமும் உள்ளவருக்கு மொத்தம் 21 இலட்சம். 3 இலட்சத்துக்கு 6%, வரி 18 ஆயிரம் மட்டுமே. ஆனால் இவர் 18 இலட்சத்தைத் தாண்டிவிட்டதால் வங்கிக்குச் சுய பிரகடனம் கொடுக்க முடியாது. வங்கி 1 இலட்சத்து 20 ஆயிரம் பிடிக்கும். வித்தியாசமான 1 இலட்சத்து 2 ஆயிரத்தை அறிக்கை போட்டே மீட்க வேண்டும். சொந்தமாக ஏற்கெனவே வீடு உள்ளவர், முழு ஓய்வுப் பணத்தையும் இரண்டாவது ஃபிளாட்டில் கட்டிப்போடுவதை நாங்கள் ஏற்கமாட்டோம். இருதய சத்திரசிகிச்சைக்குப் பணம் தேவைப்படும் வாரத்தில் ஓர் அறையை மட்டும் விற்க முடியாது.

மற்றவை

காப்புறுதிக் கம்பனிகளின் ஓய்வூதியத் திட்டங்களை "வரிச் சலுகை உண்டு" என்று சொல்லி யாராவது விற்றால் நிறுத்திக் கேளுங்கள். ஓய்வூதியப் பங்களிப்பு உட்பட வருடம் 12 இலட்சம் வரையான செலவு நிவாரணம் 2020 முதல் இருந்தது உண்மை. 2023 ஜனவரியில் நீக்கப்பட்டது. முதல் சில வருடங்களில் கைவிட்டால் கட்டியதில் பெரும்பகுதி போய்விடும். 35 வயதில் தொடங்குபவருக்கு ஒழுங்கைப் பழக்கும் என்ற அளவில் சரி. 58 வயதில் தொடங்குபவருக்கு அர்த்தமில்லை.

தங்கத்தைப் பொறுத்தவரை, செட்டியார் தெருவில் நகையாக வாங்கினால் செய்கூலியும் சேதாரமும் வாங்கிய நாளிலேயே நட்டம். விலைவாசி பாயும் காலத்துக்கு ஒரு காப்பாக, மொத்தத்தில் சிறு பங்கு, பவுண் நாணயமாக வைத்துக்கொள்ளலாம். அது வட்டி தராது, மாதச் செலவுக்கு உதவாது.

ஈ.ரி.எஃப்.பை வேலை மாறும்போது ஐந்து வருடத்துக்கு ஒருமுறை எடுக்க முடியும் என்பதால் பலர் 40 வயதுக்குள் இரண்டு தடவை எடுத்துச் செலவழித்துவிடுகிறார்கள். எடுக்க முடியும் என்பதற்காக எடுக்க வேண்டாம். ஈ.பி.எஃப்.பில் 10 வருடப் பங்களிப்பும் 3 இலட்சம் மீதியும் உள்ளவர் வீட்டுக்கோ மருத்துவத்துக்கோ 30% வரை, 20 இலட்சத்தைத் தாண்டாமல், முன்கூட்டி எடுக்கும் வசதியும் அப்படித்தான்.

யாருக்கு எது

ஓய்வுக்குப் பின்னும் உழைப்பவர், அல்லது வாடகையே 18 இலட்சத்தை நெருங்குபவர்: ஈ.பி.எஃப்.பை அப்படியே விட்டு, செலவுக்குப் பணிக்கொடையையும் ஈ.ரி.எஃப்.பையும் பயன்படுத்துவது நல்லது. வேறு வருமானம் இல்லாதவர்: எடுத்து, ஒரு வருடச் செலவைச் சேமிப்பில் அல்லது பணச்சந்தை நிதியத்தில், மூன்று நான்கு வருடச் செலவை வெவ்வேறு முதிர்வுத் திகதிகள் கொண்ட வைப்புகளில் இரண்டு உரிமம் பெற்ற வங்கிகளில், மிகுதியை உண்டியலிலும் முறியிலும் பிரிப்பது சரி.

இரண்டாமவர் ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருக்க வேண்டும். மத்திய வங்கியின் பணவீக்க இலக்கு 5%. விலைகள் அப்படியே ஏறினால், இன்று 1 இலட்சம் ரூபாய்க்கு வாங்குவதைப் பத்து வருடத்தில் வாங்க ஏறக்குறைய 1 இலட்சத்து 63 ஆயிரம் வேண்டும். 1 கோடி 50 இலட்சத்தின் 8% வட்டி 12 இலட்சத்தையும் செலவழித்தால் முதல் தொகை எண்ணில் குறையாது, பெறுமதியில் குறைந்துகொண்டே போகும். முதலின் பெறுமதியைக் காக்க வேண்டுமானால் முதலின் 5% அளவை, அதாவது வட்டியில் 7 இலட்சத்து 50 ஆயிரத்தை, மீண்டும் முதலோடு சேர்க்க வேண்டும். அப்போது உண்மையில் செலவழிக்கக்கூடியது 4 இலட்சத்து 50 ஆயிரம், மாதம் 37,500 ரூபாய். யாரும் இதைக் கேட்க விரும்புவதில்லை. 60 வயதில் முழு வட்டியையும் செலவுக்கு எடுப்பவர், 75 வயதில் முதல் தொகையில் கைவைக்க வேண்டிவரும் என்று தெரிந்தே எடுக்கட்டும்.

எந்தத் தெரிவானாலும் ஆவணங்களை ஓய்வுக்கு இரண்டு வருடம் முன்பே சரிபாருங்கள். கோரிக்கை தாமதிப்பதற்குப் பெரும் காரணம் பெயர். தமிழ்ப் பெயர்கள் ஆங்கிலத்தில் ஒரு நிறுவனத்தில் ஒருவிதமாகவும் மற்றதில் வேறுவிதமாகவும் எழுதப்பட்டிருக்கும். தகப்பன் பெயர் முன்னும் பின்னும் மாறியிருக்கும். பழைய 10 எழுத்து அடையாள அட்டை இலக்கத்தில் ஒரு கணக்கும் புதிய 12 இலக்கத்தில் இன்னொன்றும் கிடக்கும். வேலை மாறிய ஒவ்வொரு முறையும் புதிய உறுப்பினர் இலக்கம் வந்திருக்கும் என்பதால் பழைய நிறுவனங்களின் இலக்கங்களைச் சம்பளப் பட்டியல்களிலிருந்து தேடி எடுங்கள். மத்திய வங்கி தரும் கணக்குக் கூற்றில் ஒவ்வொரு மாதப் பங்களிப்பும் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். முதலாளி அடுத்த மாத முடிவுக்குள் கட்ட வேண்டும், தவறினால் 5% முதல் 50% வரை மேலதிகக் கட்டணம் அவர் தலையில். விடுபட்ட மாதங்களை நிறுவனம் இயங்கும்போதே நாரஹேன்பிட்டித் தொழில் திணைக்களத்தில் முறையிடுங்கள். நிறுவனம் மூடப்பட்டபின் அறவிடுவது மிகக் கடினம். பின்னுரித்தாளர் (உங்களுக்குப் பின் பணத்தைப் பெறுபவர்) யார் என்று போட்டிருக்கிறது என்பதையும் அதே நாளில் பாருங்கள்: கலியாணத்துக்கு முன் தாயின் பெயரை எழுதி, பிறகு மாற்றாமல் விட்டவர்கள் இந்த நகரத்தில் ஏராளம்.